கோலா பிலாவின் பிளக் முனியாண்டி

கோலா பிலா பக்கம் ஓர் ஆள் இருக்கிறாராம். வானம் லேசாக உறுமினால் போதும், ஒரு தோட்டத்தையே அணைத்துவிடுவாராம். ரோகினிக்கு இதைச் சொன்னவள் சிரம்பான் ஆபீசில் பக்கத்து மேசையில் உட்காரும் கேரல். கேரலுக்குச் சொன்னவர் பழ லோரி ஓட்டும் விக்டர். விக்டருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "எல்லாருக்கும் தெரியும் லா" என்பதுதான் பதில்.

"ஒரு தடவ அந்தத் தோட்டத்து மேனேஜரோட மகளுக்கு ஆன்லைன்ல பரீட்ச நடந்துகிட்டு இருந்திச்சாம்" என்றாள் கேரல், ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே. "இவரு பாட்டுக்கு உள்ள போயி மோடத்தப் புடுங்கிட்டாராம். அந்தப் பொண்ணு கத்துதாம். அம்மாக்காரி தொடப்பத்தத் தூக்கிக்கிட்டு வர்றாங்களாம். இவரு கேட்டாத்தானே? அடுத்த ரூம்புக்குப் போயி டிவிய புடுங்குறாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? விழுந்திச்சே இடி! பக்கத்து வீட்டுக் கூர மேல இருந்த டிவி தட்டு கருகிப் போச்சாம். தொடப்பத்த வச்சிட்டுக் காப்பி கலக்கிக் குடுத்தாங்களாம்."

ரோகினி சிரித்தாள். சிரித்துவிட்டு, எந்தத் தோட்டம் என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் அந்தத் தோட்டத்துக்குத்தான் அவள் ஒரு கணினியைக் கொண்டுபோய் வைக்கப் போகிறாள். இரவு பகல் அணையவே கூடாத கணினி.

ரோகினி இயல்பிலேயே பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுக் காடியில் ஏறி, மறுபடி இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற ஜாதி. அவளிடம் போய் இப்படி ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவள் வேலை செய்யும் கம்பெனிக்கு மூன்று செம்பனைத் தோட்டங்கள்: புக்கிட் பெலண்டோக்கில் ஒன்று, லாபுவில் ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் கோலா பிலாவில் ஒன்று. குலை வெட்டி ரோட்டோரம் அடுக்கியதும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஹேண்ட்போனில் ஒரு தட்டுத் தட்டுவார். லோரி வந்து அள்ளியதும் டிரைவர் ஒரு தட்டு. எந்தப் பிளாக்கில் பழம் கிடக்கிறது, எந்த லோரி எங்கே நிற்கிறது, எல்லாம் அந்தந்த நொடியிலேயே தெரிய வேண்டும். தெரியாமல் போனால் பழம் ரோட்டோரத்திலேயே கிடந்து அழுகும், எண்ணெய் கெடும், ஆலைக்காரன் கத்துவான்.

அந்த வேகத்துக்காகத்தான் புது ஏற்பாடு. விவரங்களை வன்தட்டில் எழுதி வைத்து, கேட்கும்போது தேடி எடுத்துக் கொடுக்கிற பழைய வழக்கமெல்லாம் இல்லை. தோட்டத்துக்கு ஒன்றாக மூன்று கணினி. விவரம் முழுவதையும் அவை நினைவிலேயே வைத்திருக்கும். மனப்பாடமாய்ப் படித்த பிள்ளை புத்தகத்தைத் திறக்காமலே பதில் சொல்வது போல, கேட்டவுடன் பதில் வரும். ஒரே ஒரு சங்கடம். கரண்டு போனால் நினைவும் போய்விடும். அதனால்தான் ஒன்றுக்கு மூன்றாய் வைத்தார்கள். ஒவ்வொரு கணினியும் மற்ற இரண்டிலும் உள்ளதைத் தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். ஒன்று அணைந்தாலும் மற்றவை பதில் சொல்லும். அணைந்தது திரும்பி எழுந்ததும் மற்றவற்றைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொள்ளும். இன்னும் சோதனைக் காலம் என்பதால், எல்லாவற்றையும் கரண்டு போனாலும் அழியாத வன்தட்டில் நகலெடுத்து வைப்பது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான்.

மூன்றும் ஒரே சமயத்தில் அணையுமா என்ன? "சான்ஸே இல்ல" என்றார் சிரம்பான் மேனேஜர் முகுந்தன். ரோகினியும் தலையாட்டினாள்.

புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வளைவுகளில் கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஓர் ஒடிசலான மனிதர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். அறுபதை நெருங்கும் வயது. தேய்ந்த பச்சைச் சட்டை. இடுப்பில் ஒரு கம்பி வளையம், அது கொள்ளாமல் சாவிகள். நடந்தால் கோயில் மாடு வருவது போல் சத்தம்.

"ரோகினி பாப்பாவா? நான்தான் முனியாண்டி. இந்த ஆபீசுக்கு ஜாகா." காவலர் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். "பொட்டிய இப்படிக் குடு மா. கீழ விழுந்தா என்னத்தான் சொல்லுவாங்க."

"இத்தன சாவி எதுக்கு அங்கிள்?"

"எல்லாம் அவங்கவங்க வீட்டுச் சாவி" என்றார், அது ஒரு பதில் என்பது போல.

விஷயத்தை விளக்கியது ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி விமலாதான். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இன்னும் குடியிருக்கிற தமிழர்களில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கைவிரல் எண்ணிக்கைகூட இல்லை. மற்றவர்கள் விடிவதற்கு முன்பே பஸ் ஏறி செனாவாங், நீலாய் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க வீடுகள் பூட்டிக் கிடக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், தாயம்மா என்பவர் வீட்டில் ஆளில்லாத நேரம், இடி விழுந்து புது டிவி பற்றிக்கொண்டது. முனியாண்டி மண்வெட்டியால் கதவை உடைத்து உள்ளே போய் அணைத்தார். அணைத்தும், வரிசையில் இன்னும் இரண்டு வீட்டுக் கூரைகள் கருகின. வேலை விட்டு வந்து பார்த்த தாயம்மா அழவில்லை. பூட்ட ஒரு கதவில்லாத வீட்டின் சாவியை எடுத்து முனியாண்டி கையில் வைத்தார். "புதுக் கதவு போட்டதும் புதுச் சாவி தர்றேண்ணே. அதுவரைக்கும் இத வச்சிக்கங்க."

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராய்ச் சாவி கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இடிச் சத்தம் கேட்டால் முனியாண்டி மோட்டாரை உதைத்துவிடுவார். ஒரு வீடு விடாமல் திறப்பார். டிவி, மோடம், அரிசிப் பானை, மீன் தொட்டி என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்குவார். பிடுங்கிய வயரை ஒரு முடிச்சுப் போட்டுச் சுவிச்சில் தொங்கவிடுவார். சாயங்காலம் வருகிறவர்கள் முடிச்சைப் பார்த்தால் அவர் வந்துபோனது தெரியும். அதோடு விடவில்லை. கொடியில் காய்கிற துணியையும் எடுத்து உள்ளே போட்டுவிடுவார். இந்தத் துணி விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் கைராசி போதாது. யார் சாரோங் யார் வீட்டில் என்று மழை நாளெல்லாம் லயத்தில் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

"போன வாரம் எங்க வூட்டுக்காரர் பனியன கோயில் பண்டாரம் போட்டுக்கிட்டு மணி அடிக்கிறாரு" என்றார் விமலா. "கேக்கவா முடியும்?"

ரோகினி கணினியை மூலை அலமாரியில் வைத்தாள். கரண்டு போனால் கொஞ்ச நேரம் தாங்குவதற்குப் பக்கத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி. பிளக்கின் மேல் சிவப்பு நாடா ஒட்டினாள். பிறகு முனியாண்டியைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இத மட்டும் புடுங்கக் கூடாது. சரியா?"

முனியாண்டி சிவப்பு நாடாவைப் பார்த்தார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். "வெயில்ல எதுக்கு மா புடுங்கப் போறேன்?" என்றார் மிகுந்த மரியாதையுடன்.

லாபு ஆபீசில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். மடிக்கணினியில் அவள் திறந்து வைத்திருப்பதற்கு நோட்புக் என்று பெயர். நோட்டுப் புத்தகத்துப் பக்கம் மாதிரிதான் இருக்கும். அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் கேள்வியை எழுதி ஒரு தட்டுத் தட்டினால் கட்டத்தின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி தோன்றும். கேள்வி மூன்று தோட்டத்துக்கும் ஓடிப்போய் வந்ததும் நட்சத்திரம் மறைந்து, கீழே பதில் விரியும். லாபுவில் பதினாலாம் பிளாக்கில் எவ்வளவு குலை கிடக்கிறது? விக்டர் லோரி எந்த ரோட்டில்? கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மறுபடி தட்டலாம். பழைய கேள்வியும் பதிலும் மேலேயே இருக்கும். பேசிக்கொண்டே போவது மாதிரி.

காலையில் வந்தவுடன் அவள் தட்டுகிற முதல் கட்டம் எப்போதும் ஒன்றுதான். யார் யார் இருக்கிறீர்கள்? பதில் மூன்று வரியில் வரும்: பெலண்டோக், லாபு, பிலா. வாத்தியார் பெயர் கூப்பிட்டுப் பிள்ளைகள் 'உள்ளேன்' சொல்வது போல. மூன்று பெயரும் வந்தபிறகுதான் அவள் காப்பிக்கு எழுந்து போவாள்.

முதல் வாரமே ஒரு மத்தியானம் இரண்டு பெயர்தான் வந்தது. பிலா இல்லை. பிலாவுக்குப் போன் அடித்தால் எடுப்பாரில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். மழை விட்டு வெகுநேரம் கழித்து முனியாண்டியே கூப்பிட்டார்.

"பாப்பா, மழ நின்னிருச்சு. குத்திட்டேன் மா."

"அங்கிள்! சிவப்பு டேப்பு ஒட்டினேனே!"

"பாத்தேன் மா. இடி ரொம்பக் கிட்ட வந்திருச்சு. புடுங்கினேன். அந்தக் கறுப்புப் பொட்டி வேற 'கீ கீ'ன்னு அழுதிச்சு. பட்டன அமுக்கிப் புடிச்சேன். தூங்கிருச்சு."

"போன் ஏன் எடுக்கல?"

"இடியில யாராச்சும் போன் எடுப்பாங்களா? பிஸ்கட் டின்னுல போட்டு மூடிருவேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். நோட்புக்கில் பிலாவின் பெயர் மறுபடி வந்து நின்றது. லாபுவும் பெலண்டோக்கும் தங்களிடம் இருந்ததைச் சொல்லிக்கொடுக்க, கொஞ்ச நேரத்தில் எல்லாக் கணக்கும் சரியாயிற்று. ஒரு குலை குறையவில்லை. திட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாததால் "சாப்டீங்களா அங்கிள்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. பட்டியலில் பிலா காணாமல் போனால் அங்கே இடி. திரும்பி வந்தால் மழை விட்டுவிட்டது. வானிலை அறிக்கையைவிட இது நம்பிக்கையாய் இருந்தது. ஒவ்வொரு முறையும் போன் வரும். "குத்திட்டேன் மா" என்பார். கூடவே இரண்டு செய்தி: தாயம்மா வீட்டு மீன் குட்டி போட்டது, சம்சாரம் பஞ்சாலை தன் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவரைத் திட்டியது, பண்டாரம் பனியனைத் திருப்பிக் கொடுத்தது. எந்த வரிசையில் போவார் என்பதுகூட அவளுக்குத் தெரிந்துபோயிற்று. முதலில் மேல் லயம், பிறகு கீழ் லயம், பிறகு கோயில், பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா கொட்டகை. ஆபீஸ் கடைசியில்.

"ஏன் அங்கிள் ஆபீஸ் கடைசி?"

"ஆபீஸ் எரிஞ்சா கம்பெனி வேற கட்டும் மா. தாயம்மாவுக்கு எவன் கட்டுவான்?"

ஆனால் முகுந்தனும் தன் திரையில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் லாபுவுக்கே வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதர்.

"ரோகினி, இந்தப் பிலா என்ன வெளையாட்டு? அடிக்கடி விழுது?"

"இடி சார். அங்க இருக்கிற ஜாகா..."

"தெரியும். எல்லாக் கதையும் கேட்டாச்சு. நல்ல மனுசன்தான். ஆனா நான் மேல என்ன சொல்றது? நீங்களே அவர்கிட்ட சொல்லிருங்க. அவரு புடுங்கி ஒரே ஒரு தடவ டேட்டா போச்சின்னா, அன்னைக்கோட அவரு வேலை முடிஞ்சிச்சு. வேலை போனா வீடும் போகும். கம்பெனி வீடுதானே அது."

அன்று சாயங்காலம் ரோகினி முனியாண்டியைக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள். எதிர்முனையில் அவர் ஏற்கெனவே கலங்கிப் போயிருந்தார். விமலா ஏதோ கோடி காட்டியிருக்கிறார்.

"என்னால கம்பெனிக்கு நட்டமா பாப்பா? நெசத்தச் சொல்லு. புடுங்காம இருந்துடலாம். ஆனா அந்த மெஷின் எரிஞ்சா, இவன் பக்கத்துலயே இருந்தானே, என்ன புடுங்கினான்னு கேப்பாங்கல்ல?"

முப்பது வருஷமாய் அந்த வீட்டில் இருக்கிறார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. சம்சாரம் பஞ்சாலை அதன் வாசலில் நட்ட முருங்கை, கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஒத்திகை பார்த்த வாக்கியங்களை விட்டுவிட்டாள்.

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல அங்கிள். மூணு மெஷின் இருக்கில்ல? ஒன்னு போனாலும் மத்த ரெண்டு பாத்துக்கும். நீங்க கவலப்படாதீங்க."

"அப்போ புடுங்கலாமா?"

"ரொம்பக் கிட்ட வந்தா மட்டும்" என்றாள்.

அவர் விட்ட பெருமூச்சு அவள் காதில் விழுந்தது. அடுத்த வாரம் விக்டர் லோரியில் ஒரு டப்பா முருங்கைக்கீரைப் பொரியலும் ஒரு போத்தல் ஊறுகாயும் வந்து சேர்ந்தன. மூடியின் மேல் சிவப்பு நாடா.

அதே ஆறுதலை அவள் இன்னோர் இடத்திலும் சொல்லியிருந்தாள். புக்கிட் பெலண்டோக் கிராணி ஜார்ஜுக்கும் இடி என்றால் பயம்தான். தோட்டத்தில் பிறந்தவர்களில் யாருக்கு இல்லை? 'மின்னலடிச்சா என்ன பண்ணட்டும்?' என்று அவர் கேட்டபோதும், 'ஒன்னு போனா மத்த ரெண்டு இருக்கு சார்' என்றுதான் சொன்னாள். உண்மைதான். தனித்தனியாய்க் கேட்கிறவர்களுக்கு அது முழு உண்மை.

வியாழக்கிழமை காலை, கடல் பக்கமிருந்து சுமத்ரா காற்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானம் தார் பூசிய மாதிரி. செம்பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. ரோகினி முதல் கட்டத்தைத் தட்டினாள். லாபு, பிலா. பெலண்டோக் இல்லை.

ஜார்ஜுக்கு அடித்தாள்.

"ஆமா ரோகினி, நான்தான் ஆஃப் பண்ணேன். இங்க கூரத் தகரம் பறக்குது மா! நீங்கதானே சொன்னீங்க, ஒன்னு போனா மத்த ரெண்டு இருக்குன்னு."

"கொஞ்சம் திரும்பப் போட முடியுமா சார்?"

"எங்க போடுறது? இப்ப கரண்டே இல்ல. ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்கு. டி.என்.பி. கரண்டு ஆளு வந்துதான்..."

பேச்சு அறுந்தது. சரி, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அறை வெளிச்சம் ஒரு முறை சிமிட்டி அணைந்தது. மூலையில் பேட்டரிப் பெட்டி 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. லாபு பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று போன மாதமே அவள் எழுதிக் கேட்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் மெலிந்து நின்றது. கணினியின் பச்சை விளக்கும் போயிற்று.

மடிக்கணினியில் மட்டும் உயிர் இருந்தது. ஹேண்ட்போன் இணையத்தில் அதை மாட்டி, நோட்புக்கைத் திறந்து, முதல் கட்டத்தைத் தட்டினாள். நட்சத்திரம் வெகுநேரம் நின்றது. பிறகு ஒரே ஒரு வரி.

பிலா.

மூன்று தோட்டத்துப் பழமும் எத்தனை என்று அடுத்த கட்டத்தில் கேட்டாள். பதில் வந்தது. பெலண்டோக்கில் கிடக்கும் பழம், லாபுவில் கிடக்கும் பழம், எந்த லோரி எங்கே, எல்லாவற்றையும் மலைக்கு அந்தப் பக்கத்து அலமாரி மூலையில் இருக்கிற அந்த ஒற்றைக் கணினியே அட்சரம் பிசகாமல் சொன்னது. போன சனிக்கிழமைக்குப் பிறகு நடந்த அத்தனையும் இப்போது உலகத்தில் வேறெங்கும் இல்லை.

காற்று மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பெலண்டோக், லாபு. அடுத்தது மலை ஏறி இறங்கினால் பிலா. அங்கே ஒரு மனிதர் சாவி வளையத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிட்ட வந்தால் புடுங்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறது. மத்த ரெண்டும் பாத்துக்கும் என்று சொல்லியிருக்கிறது. சொன்னவள் ரோகினி.

அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பிஸ்கட் டின்!

ஆபீஸ் போனுக்கு அடித்தாள். விமலா அன்று லீவு; மகளுக்குக் காது குத்து. ஆளில்லாத ஆபீசில் அது அடித்து ஓய்ந்தது. முனியாண்டியின் சம்சாரம் பஞ்சாலை ஜோகூரில், மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார். தோட்டத்து மேனேஜரும் மண்டோரும் காட்டுக்குள். ரோட்டோரத்துக்கு வந்தால்தான் சிக்னல்.

கணினியில் உள்ளதைத் தன் மடிக்கணினிக்கு இழுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மொத்தத்தையும் கேட்டுப் பார்த்தாள். புயலில் தத்தளிக்கிற இணையம் அதைத் தாங்கவில்லை, பாதியில் அறுந்தது. துண்டு துண்டாய்க் கேட்டாள். பெலண்டோக், முதல் பிளாக். நட்சத்திரம். நட்சத்திரம். வந்தது. இரண்டாம் பிளாக். நட்சத்திரம்.

போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தாள். முகுந்தன்.

"ரோகினி, ஒரு மெஷின்தான் காட்டுது எனக்கு."

"ஆமா சார். பிலா மட்டும்தான்."

"அந்த ஆளு புடுங்கிட்டாருன்னா..."

"சார்." அவள் குரல் அவளுக்கே புதிதாய் இருந்தது. "நீங்க சொல்லச் சொன்னத நான் அவர்கிட்ட சொல்லல. புடுங்கினாலும் பரவால்லன்னு நான்தான் சொன்னேன். டேட்டா போச்சின்னா அது என் தப்பு. அவர் வீட்டுல கை வைக்காதீங்க."

"இத ஏன் இப்ப சொல்றீங்க?" என்றார் முகுந்தன். "அத அப்புறம் பேசலாம். முதல்ல போன வைங்க. அவருக்கு அடிங்க."

வைத்தாள். அடித்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மூன்றாம் பிளாக்கைக் கேட்டாள்.

கண்ணை மூடினால் அவரைப் பார்க்க முடிந்தது. மலைக்கு மேல் முதல் உறுமல். போன் டின்னுக்குள். மோட்டார் உதை. மேல் லயத்து முதல் வீடு: பூட்டு, டிவி, மோடம், முடிச்சு. அடுத்தது தாயம்மா வீடு. மீன் தொட்டியைப் பிடுங்கும்போது மீன்களிடம் ஏதாவது சொல்வார். மேல் லயம் முடிந்தால் கீழ் லயம். பிறகு கோயில். ஆயா கொட்டகை. ஆபீஸ் கடைசியில். எந்த வீட்டையும் விடமாட்டார், அவசரத்துக்குக்கூட. அந்தக் கடைசிக்கும் இந்த நிமிஷத்துக்கும் நடுவில் இருப்பதெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பிளக்குகள்.

அப்புறம் துணி. நேற்று முழுக்க நல்ல வெயில். நேற்றுத் துவைத்தவர்கள் இன்றும் துவைத்திருப்பார்களா? காது குத்துக்காக விமலா வீட்டுத் துணி மொத்தமும் கொடியில் இருக்கக்கூடாதா? சாமி, இன்றைக்கு லயத்துக் கொடி முழுக்கத் துணி காயட்டும். சாரோங், போர்வை, பண்டாரத்தின் பனியன், எல்லாம். எது யாருடையது என்று அவர் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்துக் குழம்பட்டும்.

முதல் கட்டத்தை மறுபடி தட்டினாள். நட்சத்திரம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பிலா.

"இருக்கீங்களா அங்கிள்" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

நாலாம் பிளாக்கைத் தட்டினாள். லாபு கூரை மேல் மழை இப்போது கொஞ்சம் தளர்ந்திருந்தது. காற்று இங்கிருந்து கிளம்பி மலைப்பக்கம் போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம், மூடிய டின்னுக்குள், மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.